வெட்டிய பதினோரு விநாடி

பிப்ரவரி 9, திங்கள்

இன்று ஒரு போப்பாண்டவரை என் தலையில் கட்டினார்கள்.

அலுவலகம் என்றால் டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. ஒன்றில் நான்கு கணினி. இன்னொன்றில் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய குரல்பதிவுக் கூண்டு. இங்கிருந்துதான் வீட்டுமனை, வைத்தியம், பக்தி, வரலாறு என்று நான்கு சேனல் ஓடுகிறது. வைத்தியத்துக்கு எழுதுகிறவருக்கு மூன்று வருடமாக வயிற்றுப்புண். முதலாளியை, அவர் இல்லாதபோது, தம்ப்நெயில் என்போம். மனுஷன் வீடியோவின் முகப்புப் படத்தைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை. பழைய போப் ஒருவரின் படம் வெளிநாட்டில் சுற்றுகிறதாம், குண்டாக, சிரித்த முகமாக இருக்கிறாராம், ஒரு நிமிடத்துக்கு ஏதாவது செய் என்றார்.

பதினான்காம் பெனடிக்ட். 1740இல் போப்பானவர். கேலி பேசுகிறவர் என்பது உண்மைதான். ஆனால் எனக்குப் பிடித்தது வேறு. ஒருவரைப் புனிதர் என்று அறிவிப்பதற்கு முன், ‘இல்லை, ஆதாரம் போதாது’ என்று எதிர்த்து வாதாட ஓர் ஆளை நியமிப்பார்களாம். ஜனங்கள் வைத்த பெயர் பிசாசின் வக்கீல். போப்பாவதற்கு முன் இவருக்கு ஏறக்குறைய இருபது வருடம் அதுதான் வேலை. ஒரு நோய் அற்புதத்தால் குணமானது என்று எப்போது ஒப்புக்கொள்ளலாம் என்று விதி எழுதிவைத்திருக்கிறார். நோய் கடுமையானதாக இருக்க வேண்டும். சட்டென்று, முழுதாகக் குணமாக வேண்டும். திரும்ப வரக் கூடாது. மருந்து கொடுத்திருக்கக் கூடாது, கொடுத்திருந்தால் அது வேலை செய்யவில்லை என்று நிரூபிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

முந்நூறு வருடத்துக்கு முன் ஒரு போப்பாண்டவர் ‘ரிப்போர்ட் எங்கே’ என்று கேட்டிருக்கிறார். எங்கள் தெருவில் இன்றைக்கு அதைக் கேட்க ஓர் ஆள் கிடையாது.

பிப்ரவரி 12, வியாழன்

போப் வீடியோவைப் பார்த்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் மூன்று பேர் நான்.

“சந்தேகப்படுறவன யாரும்மா பாப்பாங்க? நம்புறவனத்தான் பாப்பாங்க” என்றார் தம்ப்நெயில். கோபமெல்லாம் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கூட்டல் சொல்லித்தருகிற மாதிரி சொன்னார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

சித்திக்கு நெஞ்சுப் படம் தெளிந்திருக்கிறது. சளியில் டி.பி. கிருமி இல்லை. டிசம்பரில் அவள் இருமிய ரத்தத்தைத் துவாலையில் பார்த்தவள் நான். அம்மா போன பிறகு எனக்கு இருக்கிற ஒரே ஆள் அவள்தான். இன்று மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறினாள். இரண்டு மாத மாத்திரை செய்த வேலை. இன்னும் நான்கு மாதம் ஒருநாள்கூட விடக்கூடாது என்று மாத்திரை தருகிற நர்ஸ் விரலை ஆட்டிச் சொன்னார்.

இவள் நேராக மாதா கோயிலுக்குப் போய், பூசை முடிந்ததும் எழுந்து சாட்சி சொல்லிவிட்டாள். கோயில் வளாகத்தில் அடக்கம் செய்திருக்கும் பெரிய ஃபாதரின் கல்லறையில் முழங்காலிட்டு வேண்டினாளாம், அவர் குணமாக்கினாராம். பெரிய ஃபாதர் செத்து இருபத்தெட்டு வருடம். சித்திக்குப் பதினைந்து வயதில் தையல் பள்ளியில் இடம் வாங்கிக்கொடுத்தவர். யூனிஃபார்ம் கம்பெனியில் துணி வெட்டும் மேஜைக்கு அவள் வந்து சேர்ந்தது அவரால். அவரைப் புனிதராக்கப் பங்கில் ஒரு குழு ஐந்து வருடமாக நோட்டீஸ் அடித்துக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு ஓர் அற்புதம் வேண்டும். சித்தியைக் கண்டதும் விடுவார்களா?

சாட்சியை வீடியோவாக எடுக்க வேண்டும் என்றார்கள். “வெளியில எதுக்கு, எங்க வீட்டுப் பொண்ணே அந்த வேலதான பாக்குது” என்று சித்தி பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

பிப்ரவரி 25, புதன்

எடுத்தேன். வெட்டி முடித்தேன். பக்திச் சேனலில் நாளை வரும்.

சித்தி நன்றாகப் பேசினாள். சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினாள். நடுவில் ஓரிடத்தில், “மாத்திரையும் ஒருநாள் விடல. காலைல எந்திரிச்சதும் நாலு மாத்திரை. அந்த நர்ஸம்மா நல்லா இருக்கணும்” என்றாள். பதினோரு விநாடி. அதை வெட்டினேன்.

யாரும் வெட்டச் சொல்லவில்லை. சாட்சி வீடியோவில் ஆஸ்பத்திரி, மாத்திரை என்று வாய் திறந்ததும் பார்க்கிறவன் நழுவிவிடுவான்; எத்தனை பேர் இன்னும் பார்க்கிறார்கள் என்று காட்டும் வரைபடத்தில் கோடு பொத்தென்று விழும். நூறு தடவை பார்த்திருக்கிறேன். கை தானாகப் போனது. வெட்டிய இடம் தெரியாமல் கல்லறையின் பூவைக் காட்டி மூடினேன். சுத்தமான வேலை.

பிப்ரவரி 28, சனி

நான்கு லட்சம் பேர்.

மார்ச் 8, ஞாயிறு

பதினான்கு லட்சம். வீட்டு வாசலில் செருப்புகள். பக்கத்து ஊரிலிருந்து ஒரு வேனில் வந்து சித்தியின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகிறார்கள். இருபது வருடமாகக் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தவளை இன்று முதல் வரிசைக்குக் கூட்டிப்போனார்கள். கம்பெனியில் அவள் பெயர்கூடத் தெரியாத சூப்பர்வைசர் நாற்காலி போட்டாராம்.

நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக அவளை யாரோ பார்க்கிறார்கள். அது எனக்குப் புரிகிறது. புரிவதால் என்ன?

சாயங்காலம் கமெண்டுகளை வாசிக்கச் சொன்னாள். எழுத்து பொடிசாக இருக்கிறதாம். ‘அம்மா, மாத்திரை எதுவும் சாப்பிட்டீர்களா?’ என்று ஒருத்தி கேட்டிருந்தாள். ‘அற்புதத்துக்கு மாத்திரை எதற்கு’ என்று கீழே முப்பது பேர். எனக்கு எங்கிருந்தோ ஏறிவிட்டது. நீ மாத்திரையால பிழைச்சவ, இது அற்புதமே இல்ல என்றேன். அவள் சிரித்தாள். சிரித்ததுதான் தாங்கவில்லை. பிசாசின் வக்கீல் கதையைச் சொல்லி, போனில் வைத்திருந்த அந்தப் பழைய போப்பின் விதிகளை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டினேன். மருந்து சாப்பிட்டுக் குணமானால் உன் பெரிய ஃபாதர் கணக்கில் ஒன்றும் சேராது, உன் கோயிலே ஒப்புக்கொள்ளாது, போப்பாண்டவரே சொல்லியிருக்கிறார் என்றேன்.

அவள் முகம் செத்துப்போனது. “போப்பாண்டவரே சொன்னாரா?” என்று மட்டும் கேட்டாள்.

வாயை அடைத்துவிட்டேன் என்று திருப்தியாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 19, வியாழன்

என்னை என்ன செய்தால் தகும்?

மாத்திரை நர்ஸ் அலுவலகத்துக்கே போன் செய்தார். சித்தி மாதச் சோதனைக்குப் போயிருக்கிறாள். இந்த மருந்து சாப்பிட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். நர்ஸுக்குக் கிருமி தெரியாவிட்டாலும் நிறம் தெரியும். கப்பில் பிடித்துக்கொடுத்தது வெறும் தண்ணீர் மாதிரி இருந்ததாம். “எத்தன நாளா நிறுத்தியிருக்காங்கன்னு கேளும்மா. எங்கிட்ட பொய் சொல்றாங்க” என்றார்.

தையல் டப்பாவில் நூல்கண்டுகளுக்கு அடியில் மாத்திரை அட்டை அட்டையாக இருந்தது. எண்ணிப் பார்த்தேன். பதினோரு நாள். மார்ச் ஒன்பதிலிருந்து.

சித்தி மறைக்கவில்லை.

“நீதானடி சொன்ன, மாத்திர சாப்பிட்டா அவருக்குச் சேராதுன்னு.”

“அது... உன்ன நிறுத்தறதுக்கா சொன்னேன்? இது அற்புதமில்லன்னு புரியறதுக்குச் சொன்னேன்.”

“எனக்குப் புரிஞ்சது இதுதான். இனிமே ஒரு மாத்திரகூட இல்லாம நான் நல்லா இருந்தா அது அவர் செஞ்சதுதான? அப்ப யாரும் குறை சொல்ல முடியாதுல்ல?”

விதியை எழுதியவர் பொய்யைப் பிடிக்க எழுதினார். நான் வாயடைக்க வாசித்தேன். இவள் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி அதைப் படித்துத் தன் உடம்பைத் தாளாக நீட்டுகிறாள்.

கத்தினேன். தட்டைத் தூக்கிப் போட்டேன். “அவரு எனக்கு வாழ்க்க குடுத்தாரு. நான் திருப்பி என்னத்தடி குடுத்தேன்? ஒரு மெழுகுவத்தி?” என்று மெதுவாகக் கேட்டாள்.

மார்ச் 21, சனி

பங்கு ஃபாதரைப் பார்த்தேன். நல்லவர். எல்லாருக்கும் நல்லவராக இருப்பதே வியாதியாகப் போனவர். மாத்திரை சாப்பிடச் சொல்லி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். கட்டாயம் சொல்கிறேன், ஆனால் விசுவாசம் புண்படாமல் சொல்ல வேண்டும், பொறு என்றார். கிருமி பொறுக்குமா ஃபாதர் என்று கேட்டேன். தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

வாசலில் நோட்டீஸ் பலகை. சித்தியின் முகம். நான் எடுத்த படம்.

மார்ச் 27, வெள்ளி

தம்ப்நெயிலுக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறது. அற்புதம் ஓடுகிறது, போப் படமும் கையில் இருக்கிறது, இரண்டையும் சேர்த்துவிட்டார். நான் செய்த பழைய வீடியோவை எடுத்து, சந்தேகத்தையெல்லாம் வழித்து எறிந்து, முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுத் தலைப்பு வைத்தார்: ‘மருந்தே இல்லாமல் குணம்! போப்பாண்டவர் எழுதிய ரகசிய விதி.’ குரல் கொடுக்கும் அண்ணன் அடித்தொண்டையில் படித்திருக்கிறார். முடிவில் சித்தியின் கண்ணீர்.

அந்த மனுஷன் வாழ்நாளெல்லாம் எதிர்த்து வாதாடியதற்கு நேர் தலைகீழ் இது. உடற்கூறு படிக்கிறவர்களுக்காக மெழுகில் மனித உடல் செய்ய ஏற்பாடு பண்ணிய ஆள். அவரைக் கொண்டுவந்து மாத்திரையைத் தூக்கிப்போடச் சொல்ல வைத்திருக்கிறார்கள். செத்தவனால் கமெண்ட் போட முடியாது.

சண்டை போட்டேன். நோயாளிகள் பார்ப்பார்கள் சார் என்றேன்.

“நாம சாப்பிடாதன்னு எங்கயாவது சொன்னோமா? விதியச் சொன்னோம். நீ கண்டுபிடிச்ச விதிதான?”

குரல் அண்ணன் என்னைப் பார்க்காமல் மிட்டாய் உரித்தார். ஒரே நாளில் ஒன்பது லட்சம்.

ஏப்ரல் 10, வெள்ளி

பிஷப் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஒரு சாமியார் வந்தார். ஒல்லி. தேய்ந்த தோல்பை. கூடவே ஓய்வுபெற்ற நெஞ்சுநோய் டாக்டரம்மா. குழுவினர் மாலையோடு நின்றார்கள். அவர் மாலையை வாங்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, முதல் எக்ஸ்ரே எந்தத் தேதி என்றார்.

அரை மணிநேரம். நோய் எப்போது தெரிந்தது, எந்த மருந்து, எத்தனை நாள், இரண்டாவது படம் எப்போது. டாக்டரம்மா படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த விதிகளைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்து இறங்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. ஏனென்று தெரியவில்லை.

முடிவில் சாமியார் ஃபைலை மூடினார். “அம்மா, இது மருந்தால வந்த குணம். சந்தேகமே இல்ல. நீங்க நிறுத்தினதுக்குப் பேரு விசுவாசம் இல்ல, கடவுளச் சோதிக்கறது. இன்னிக்கே திரும்ப ஆரம்பிங்க” என்றார்.

குழுவினர் கலைந்தார்கள். சித்தி வெகுநேரம் அந்த மாலை கிடந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “அவரு பிசாசோட வக்கீல்டி. நீ சொன்னியே. அவரு வேலையே எதிர்த்துப் பேசறதுதான். நம்மள ஆழம் பாக்க வந்திருக்காரு.”

நான் சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு சொல்லையும் அவள் கத்தியாகத் திருப்பித் தன் மேலேயே வைத்துக்கொள்கிறாள். இனி இந்த வீட்டில் நான் எதையாவது வாசித்துக்காட்டினால் என் நாக்கு அழுகட்டும்.

ஏப்ரல் 16, வியாழன்

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு இருமுகிறாள். எனக்குக் கேட்காதாம்.

ஏப்ரல் 23, வியாழன்

வேலை போயிற்று. வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் குழம்பிவிடும்.

பதினோரு மணிக்கு அலுவலகப் போன். எடுக்கிற பெண் வரவில்லை, நான் எடுத்தேன். ஓர் ஆண் குரல், ரொம்ப மரியாதையாக. லாரி ஓட்டுகிறவராம். மனைவிக்கு டி.பி., கூடவே சர்க்கரை. போப்பாண்டவர் வீடியோ பார்த்ததிலிருந்து, மூன்றரை வாரமாக மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். தினமும் வீடியோவை ஓடவிட்டு ஜெபம் செய்கிறார்கள். “இன்னும் ஒண்ணும் தெரியலைங்க. நாங்க எதுலயாவது தப்பு பண்றோமா? வேற ஏதும் விதி இருக்குதுங்களா?” என்று கேட்டார்.

தப்பு பண்றோமா என்று அவர் கேட்கிறார்! என்னிடம்!

உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க என்றேன். வீடியோல அழற அந்தம்மாவும் மாத்திரை சாப்பிட்டுத்தான் பிழைச்சாங்க, அதை வெட்டுனது நான் என்றேன். அவருக்குப் புரியவில்லை. வீடியோவில் அப்படி இல்லையே என்றார், பணிவாக. நம்பரை வாங்கிக்கொண்டேன்.

பிறகு இரண்டு வீடியோவையும் சேனலிலிருந்து அழித்தேன். மொத்தமாகவே. நீக்கட்டுமா என்று கேட்டது, ஆம் என்றேன். தம்ப்நெயில் ஓடிவந்து முதல்முறையாக ஒரு திரையை முழுதாகப் பார்த்தார். “அது யாரோட சொத்து தெரியுமா?” என்றார். எங்க சித்தியோட நெஞ்சு சார் என்றேன். வெளியே போகச் சொன்னார். குரல் அண்ணன் என் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துவந்து படிக்கட்டில் கொடுத்தார். “நானும் படிச்சிருக்கக் கூடாது” என்றார். ஆமாம், கூடாது என்றேன். வேறென்ன சொல்வது, பரவாயில்லை என்றா?

ஏப்ரல் 24, வெள்ளி

காலையில் வீட்டிலிருந்து அந்த நம்பருக்கு அடித்தேன். இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மனைவி ஒத்துக்கொள்ளவில்லையாம். அந்த அம்மா சொன்னால்தான் நம்புவேன் என்கிறாளாம்.

போனைச் சித்தியிடம் நீட்டினேன். ஒன்றும் விளக்கவில்லை. உன்னை மாதிரியே நிறுத்தினவங்க, பேசு என்றேன், அவ்வளவுதான்.

சித்தி வாங்கினாள். ஆசீர்வாதம் கேட்கிறார்கள் என்று நினைத்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அந்தப் பக்கம் ஒரு பெண் “அம்மா” என்றாள். அடுத்த சொல் வரவில்லை. இருமல். வறட்டு இருமல் இல்லை, அடியிலிருந்து பிய்த்துக்கொண்டு வருகிற இருமல். நிற்கிற மாதிரி இருந்து மறுபடி பிடித்துக்கொண்டது. ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது.

சித்தி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். அதைத்தான் அவள் குழாயைத் திறந்து மறைத்துக்கொண்டிருக்கிறாள். இருமல் ஓய்கிற வரைக்கும் நின்றாள். பிறகு கேட்டாள்:

“ரத்தம் வருதா?”

...

“எப்பலேர்ந்து? ...எனக்கும்தான்மா. முந்தாநாள்லேர்ந்து.”

எனக்கு அதுவரை தெரியாது.

“நான் சொல்றத நம்புவியா? அப்ப கெளம்பு. நானும் கெளம்புறேன். யாரு மொதல்ல போய்ச் சேர்றோம்னு பாப்போம்.”

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பவேயில்லை. செருப்பைத் தேடினாள்.

ஏப்ரல் 25, சனி

சளியில் கிருமி. மறுபடி முதலிலிருந்து. மருந்துக்கு அடங்குகிற கிருமிதானா என்று பார்க்க மாதிரி எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அடங்காவிட்டால் வருடக்கணக்கில் ஆகலாம். மாத்திரை நர்ஸ் திட்டிய திட்டை எழுத முடியாது. சித்தி தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். “வீடியோல நடிச்சது போதும், இனிமே தினமும் எங்கண்ணு முன்னாடி முழுங்கணும்” என்றார். பிறகு என்னையும் துப்பச் சொல்லி ஒரு டப்பாவை நீட்டினார். எனக்கு ஒன்றும் இல்லை. இல்லாதது கொஞ்சம் அநியாயமாகத் தோன்றியது.

மே 2, சனி

அடங்குகிற கிருமிதான். ஆறு மாதம்.

மே 6, புதன்

நான் அழித்ததால் என்ன ஆகிவிட்டது? மூன்று பேர் பிரதி எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒன்றில் இருபத்திரண்டு லட்சம்.

மே 17, ஞாயிறு

சித்தியை வைத்து வேறொரு வீடியோ எடுத்து நானே போட்டேன். ‘மாத்திரையால் பிழைத்தேன், விட்டேன், திரும்ப வந்தது.’ ஒன்றையும் வெட்டவில்லை. அவள் இருமிய இடத்தைக்கூட. நானூற்றுப் பத்துப் பேர் பார்த்தார்கள். விலைபோய்விட்டாள் என்று ஒருவன் எழுதியிருக்கிறான். இன்னொருவன் பிசாசு பேசுகிறது என்று. கோயிலில் முதல் வரிசையில் இப்போது யாரோ. இவள் முகமூடியோடு தூணுக்குப் பின்னால்.

அவள் அதைப் பற்றிப் பேசுவதேயில்லை. தினமும் காலை ஆறரைக்கு அந்த லாரிக்காரர் மனைவிக்குப் போன் செய்கிறாள். அந்தப் பெண் ஆஸ்பத்திரிப் படுக்கையில். “முழுங்குனியா? நாலும்? வாயத் தொற, சத்தம் கேக்கட்டும்” என்று அதட்டுகிறாள். அந்தப் பக்கம் சிரிப்பு, பிறகு இருமல். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே நானும் ஆறரைக்கு எழுந்துகொள்கிறேன்.

கல்யாண வீடியோ எடுக்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். அங்கே நான்கு மணிநேரத்தை நான்கு மணிநேரமாகவே கொடுத்தால்தான் சந்தோஷப்படுகிறார்கள்.

ஜூன் 9, செவ்வாய்

இன்று போனை எடுத்தது அந்த லாரிக்காரர். சித்தி வழக்கம்போல “முழுங்குனியா” என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

நேற்று மத்தியானம் இறந்துபோனாளாம். ரத்தம் நிற்கவில்லையாம். சர்க்கரை வேறு. நான்கு வாரம் விட்டது பெரிய விடுதல் என்று டாக்டர் சொன்னாராம். அவர் அழவில்லை. நாங்கள் போன் செய்ததற்கு நன்றி சொன்னார். அந்த நன்றியை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்க வேண்டியவர்கள் பட்டியலில் முதல் பெயர் என்னுடையதுதான்.

சித்தி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, “பிள்ளைங்க எத்தன?” என்று கேட்டாள்.

மூன்று. பெரியவளுக்குப் பதிமூன்று வயது. அவள்தான் அம்மா பக்கத்திலேயே படுத்திருந்தவள்.

“டெஸ்ட் எடுத்தாச்சா?”

எடுக்கவில்லை. அதற்கெல்லாம் இப்போது எங்கே என்றார்.

“இப்பத்தான். காரியம் முடிஞ்சதும் நேரா கூட்டிட்டுப் போங்க. எழுதிக்கோங்க, நான் சொல்றேன்” என்று, எந்த வாசல், எந்த அறை, யாரைக் கேட்க வேண்டும், காலையில் வெறும்வாயோடு துப்ப வேண்டும் என்பதுவரை நிதானமாகச் சொன்னாள். பென்சில் தேடுகிறேன் என்றார் அவர். தேடுகிற வரைக்கும் காத்திருந்து, முதலிலிருந்து மறுபடி சொன்னாள்.

போனை வைத்த பிறகுதான் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் கொண்டுவந்தேன். நர்ஸிடம் போக நேரமாயிற்று என்றேன்.

“வரேன் இரு. அந்தப் பெரிய பொண்ணு பேரக் கேக்க மறந்துட்டேன்” என்றாள். மறுபடி போனை எடுத்தாள்.